அத்தியாயம் 9: நீட்சி ஏற்கும் கைபேசி உலாவி

குமரி மாவட்டத்தின் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள கைபேசிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணாச்சி, பேப்பர் படிக்கப் போனா முழுக்க வெளம்பரமாட்டு வருது. இத நிப்பாட்டதுக்கு வழி உண்டுமா?" கடைக்காரர் பெரும்பாலும், "வேற பிரவுசர் போட்டுப் பாருங்க" என்பார். பாதி பதில் வந்துவிட்டது. எந்தப் பிரவுசர், அதில் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கவே கூடாது என்ற மீதிப் பாதிக்குத்தான் இந்த அத்தியாயம்.

உலாவிக்குள் நாமாகச் சேர்க்கிற சிறு நிரல்தான் நீட்சி. கடைவீதியில் எக்ஸ்டென்ஷன் என்றோ ஆட்-ஆன் என்றோ கேட்டால் புரியும். விளம்பரத்தைத் தடுக்கும், பக்கத்தைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றும், குக்கி கேட்டு மறைக்கும் பெட்டியை அகற்றும், யூடியூப் பாட்டைத் திரை அணைந்த பிறகும் ஓடவிடும். கணினியில் இதெல்லாம் இருபது ஆண்டுப் பழக்கம். தமிழில் தட்டச்சு செய்ய 'தமிழ் விசை' என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி ஒரு காலத்தில் உதவியது. நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் பக்கம் போட்ட நாள்களில், அவற்றை யூனிகோடாக மாற்றிக் காட்ட 'பத்மா' என்ற நீட்சி இருந்தது. கைபேசியில் அந்த இரண்டுக்கும் இன்று தேவையில்லை. செல்லினம், ஜிபோர்டு போன்ற விசைப்பலகைச் செயலிகள் தட்டச்சு வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இதழ்களும் யூனிகோடுக்கு வந்துவிட்டன. மொழிபெயர்ப்புக்கும் தனி நீட்சி வேண்டாம். மலையாளச் செய்தியைத் தமிழில் பார்க்கக் குரோமுக்குள்ளேயே வசதி இருக்கிறது. கடவுச்சொல் காப்பானுக்கும் அதே கதைதான்: ஆண்ட்ராய்டில் செயலியாகவே வைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் நிரப்பும்.

எனவே கைபேசியில் நீட்சி தேடிப் போகிறவருக்கு உண்மையில் வேண்டியது, பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்றுதான். இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். நாற்பது நீட்சி ஏற்கும் உலாவி என்று யாராவது பெருமை பேசினால், அதில் முப்பத்தெட்டை நீங்கள் தொடப்போவதில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பான் ஆடம்பரமும் அல்ல. "உங்கள் போனில் வைரஸ்" என்று துடிக்கிற பட்டை, செய்தியின் நடுவே நிற்கும் பொய்யான பதிவிறக்கப் பொத்தான், வங்கியின் பெயரிலேயே தேடல் முடிவின் உச்சியில் வரும் கள்ள விளம்பரம், எல்லாமே விளம்பர வழியாக வருகிற வலைகள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்றே சொன்னது. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் ரப்பர் விலை பார்க்கிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. கோட்டயம் சந்தையில் ஆர்.எஸ்.எஸ்.-4 என்ன விலைக்குப் போகிறது என்ற ஒரு வரி வேண்டும். அதற்குமுன் நாலு காணொளி விளம்பரம் இறங்க வேண்டிய அவசியமில்லை.

ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீட்சி, தான் சேர்ந்த உலாவிக்குள் மட்டுமே வேலை செய்யும். யூடியூப் செயலி, நாளிதழ்ச் செயலி, ஃபேஸ்புக் செயலி ஆகியவற்றில் அதன் கை நீளாது. ஃபேஸ்புக்கில் ஒரு செய்தியைத் தொட்டால் அது தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி உலாவியைத் திறக்கும்; அங்கும் தடுப்பான் இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி உலாவியில் திற என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு போனின் அமைப்புகளில், செயலிகள், இயல்புச் செயலிகள், உலாவி என்று போய் உங்கள் புதிய உலாவியை இயல்பாக வைத்துவிடுங்கள். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளும் அதில் திறக்கும். நீட்சி போட்டும் விளம்பரம் நிற்கவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் பலரும் இந்த ஒரு படியைத்தான் விட்டிருப்பார்கள்.

எதில் சேரும், எதில் சேராது

ஆண்ட்ராய்டு போனோடு வருகிற குரோமில் நீட்சி சேராது. கணினியில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் கூகுள் கைபேசியில் மட்டும் கதவை அடைத்து வைத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

என் முதல் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ். அதற்கும் ஒரு தடுமாற்ற காலம் இருந்தது. 2020 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டுப் பதிப்பை அடியோடு மாற்றி எழுதியபோது, நூற்றுக்கணக்கில் இருந்த நீட்சிகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். பழைய பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. 2023 டிசம்பரில்தான் கதவு மீண்டும் முழுதாகத் திறந்தது. நானூறுக்கும் மேற்பட்ட நீட்சிகள் ஒரே வீச்சில் வந்தன. இன்று கைபேசியில் நீட்சி வேலைக்கு இதைவிட உறுதியான இடம் இல்லை. ஆதாய நோக்கற்ற மொசில்லா அறக்கட்டளைக்குச் சொந்தமானது. மூல நிரல் திறந்தது. பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும்.

குறையும் உண்டு. இரண்டு, மூன்று ஜி.பி. ரேம் உள்ள பழைய போன்களில் ஃபயர்ஃபாக்ஸ் குரோம் அளவுக்குச் சறுக்கி ஓடாது. சில பக்கங்கள் குரோமை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. அங்கே ஒரு பொத்தான் அசையாமல் நிற்கும். இதற்காகத்தான் கீழே இரண்டு உலாவி ஏற்பாட்டைச் சொல்லியிருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2024 முதல் ஆண்ட்ராய்டில் நீட்சிகளைச் சோதனை வடிவில் தரத் தொடங்கியது. அவர்களே தேர்ந்தெடுத்துத் தரும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குரோமைப் போலவே குரோமியம் என்ற அடித்தள நிரலின் மேல் கட்டியது என்பதால் பக்கங்கள் தடையின்றித் திறக்கும். ஆனால் முகப்பில் செய்தி, பரிசுப்புள்ளி, செயற்கை நுண்ணறிவு என்று கூட்டம் அதிகம். முதல் நாளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைக்க வேண்டியிருக்கும்.

சாம்சங் போன் வைத்திருப்பவர்களுக்கு சாம்சங் இன்டர்நெட் போதும் என்பேன். முழு நீட்சி அல்ல. உள்ளடக்கத் தடுப்பான் என்ற ஒரு வகையை மட்டும் 2016 முதலே ஏற்கிறது. விளம்பரம் மட்டும் போனால் போதும் என்பவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

பிரேவ், விவால்டி இரண்டும் கைபேசியில் நீட்சி ஏற்பதில்லை. தடுப்பானை உள்ளேயே கட்டி வைத்திருக்கின்றன. நம்ம ஊர்க்காரர்களான ஜோஹோ 2023-இல் வெளியிட்ட 'உலா'விலும் விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. இந்திய அரசு நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025-இல் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை வென்றது அதுதான். கணினியில் அதில் குரோம் நீட்சிகளைச் சேர்க்கலாம். கைபேசியில் எந்த உலாவியானாலும் சோதனை ஒன்றுதான்: மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, நீட்சிகள் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம்.

லெமூர் என்றும் ஒன்று உண்டு. கணபதிபுரத்து லெமூர் கடற்கரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குரோம் கடையிலுள்ள நீட்சிகளை அப்படியே கைபேசியில் ஏற்றும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் இத்தகைய சிறு உலாவிகளைத் தொடும்முன் கிவியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிவி எப்படி முடிந்தது

ஆண்ட்ராய்டில் கணினி நீட்சிகளை ஏற்றிக் காட்டிப் பெயர் வாங்கியது கிவி பிரவுசர். அர்னோ கிரனால் என்ற நிரலர் 2018-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே குரோம் நீட்சிகள் அதில் ஓடின. நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் இதை வைத்திருக்காத பையன்களைத் தேட வேண்டிய ஒரு காலம் இருந்தது. 2025 ஜனவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிளே ஸ்டோரிலிருந்து போய்விட்டது. நிரல் ஆவணமாக மூடி வைக்கப்பட்டது. கிவிக்கு எழுதிய நீட்சி நிரல் எட்ஜுக்குள் போய்ச் சேர்ந்ததாகக் கிரனாலே விடைபெறும்போது சொன்னார்.

ஏற்கெனவே போனில் இருக்கும் கிவி இன்றும் திறக்கும், ஓடும். ஆபத்தும் அதில்தான். குரோமியத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதும் அடைப்பதும் ஓயாமல் நடக்கிற வேலை. கூகுள் அடைக்கும் ஒவ்வொரு ஓட்டையும், புதுப்பிப்பு நின்றுபோன உலாவியில் திறந்தே கிடக்கும். எங்கே ஓட்டை என்ற விவரமோ ஊருக்கே தெரிந்துவிடும். "நல்லாத்தானே ஓடுது மக்கா, எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். புத்தகக்குறிகளை ஏற்றுமதி செய்து வெளியே எடுத்துக்கொண்டு கிவியை நீக்கிவிடுங்கள். ஏதாவது தளத்தில் அதன் நிறுவல் கோப்பு கிடைக்கிறது என்று இறக்கிப் போடவே போடாதீர்கள்.

இதற்குமுன்னும் நாம் இப்படி இடம் மாறியிருக்கிறோம். ஜியோ வருவதற்கு முந்தைய மெதுவான இணையத்தில் யூசி பிரவுசர்தான் பாதிப் பேருடைய போனில் இருந்தது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. சேமித்து வைத்ததெல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டது என்று புலம்பியவர்கள் உண்டு. ஆகவே உலாவியைத் தேர்ந்தெடுக்கும்போது நீட்சி எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. யார் பராமரிக்கிறார்கள்? கடைசிப் புதுப்பிப்பு எப்போது வந்தது? பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்திலேயே புதுப்பித்த தேதி இருக்கும். இரண்டு மாதத்துக்குமேல் பழையது என்றால் தள்ளி நில்லுங்கள்.

எந்தத் தடுப்பான்

யூபிளாக் ஒரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014 முதல் உருவாக்கி வருவது. காசு கேட்பதில்லை, நன்கொடையும் வாங்குவதில்லை. பெயரில் 'ஒரிஜின்' இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெறும் யூபிளாக் என்ற பெயரில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆட்பிளாக் பிளஸ் என்ற பழைய பெயரும் பரிச்சயமாக இருக்கும். 'ஏற்கத்தக்க விளம்பரம்' என்ற வகையை அது இயல்பாகவே உள்ளே விடும், பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணமும் கட்டுகின்றன. எனக்கு அந்த ஏற்பாட்டில் உடன்பாடில்லை.

யூபிளாக் ஒரிஜின் முழு வலுவோடு ஓடும் இடம் ஃபயர்ஃபாக்ஸ். நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றிவிட்டதால் 2025-இல் கணினிக் குரோமில் அது முடக்கப்பட்டது. அங்கே 'லைட்' என்ற மெலிந்த வடிவம்தான் மிச்சம். குரோமியம் வழியில் வந்த கைபேசி உலாவிகள் எல்லாவற்றின் தலைக்கு மேலும் இந்த மாற்றம் தொங்குகிறது. ஃபயர்ஃபாக்ஸை முதலில் வைத்ததற்கு இது இன்னொரு காரணம்.

சேர்ப்பது எளிது. ஃபயர்ஃபாக்ஸின் மூன்று புள்ளி, நீட்சிகள், பட்டியலில் யூபிளாக் ஒரிஜின், கூட்டல் குறி. அனுமதிகளைக் காட்டும், சேர் என்று தொடுங்கள். பிறகு அதன் அமைப்புகளுக்குள் தடுப்புப் பட்டியல்கள் என்ற பக்கத்துக்குப் போய், வட்டாரம்–மொழி என்ற பகுதியில் இந்தியன்லிஸ்ட் என்பதை இயக்குங்கள். தமிழ், மலையாளத் தளங்களின் விளம்பரங்களைக் குறிவைத்த பட்டியல் அது. இதைச் செய்யாமல் விட்டால் ஆங்கிலப் பக்கம் துடைத்தது போலிருக்கும். தமிழ் நாளிதழில் மட்டும் சில ஒட்டிக்கொண்டிருக்கும்.

உங்களுக்குப் பிடித்த சிற்றிதழோ உள்ளூர்ச் செய்தித் தளமோ விளம்பரத்தை வைத்துத்தான் பிழைக்கிறது என்றால், அந்தத் தளத்தில் மட்டும் தடுப்பானை அணைத்து வையுங்கள். நீட்சியைத் திறந்ததும் தெரியும் பெரிய மின்பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும், அந்தத் தளத்துக்கு மட்டும் நிற்கும்.

கண் கூசுகிறது என்பவர்கள் டார்க் ரீடர் சேர்க்கலாம். நோஸ்கிரிப்ட் போன்றவற்றை, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சேர்க்காதீர்கள். பக்கத்திலுள்ள நிரல்களை எல்லாம் அது நிறுத்தும். காற்று, அலை வரைபடங்கள் எல்லாம் நிரலால் வரையப்படுபவை; கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பார்க்க வந்த தூத்தூர்க்காரருக்கு வெற்றுத் திரைதான் தெரியும். கடலுக்குப் போகும்முன் பார்க்கிற பக்கத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டு உலாவி வையுங்கள்

நீட்சியைச் சேர்க்கும்போது ஒரு அனுமதி கேட்கும்: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவை அணுக. சும்மா கேட்கிற சடங்கல்ல இது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த நீட்சியால் படிக்க முடியும், நீங்கள் தட்டுவதையும் பார்க்க முடியும். விளம்பரத் தடுப்பானுக்கு அந்த அனுமதி இல்லாமல் வேலை நடக்காது. கறுப்புப் பின்னணி தருவதற்கும் அப்படியே. ஆனால் வானிலை காட்டுகிற நீட்சி அதைக் கேட்டால்? தென்னையேற வருகிறவர் வீட்டுச் சாவியைக் கேட்பது போலத்தான் அது.

நேற்றுவரை நல்லதாக இருந்த நீட்சி நாளைக்குக் கெட்டுப்போவதும் உண்டு. கணினிக் குரோமில் லட்சக்கணக்கானோர் நம்பிய தி கிரேட் சஸ்பெண்டர் 2020-இல் கைமாறியது. புதிய உரிமையாளர் உள்ளே வேண்டாததைச் சேர்த்தார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சியையே திருடர்கள் கைப்பற்றி, நச்சுப் பதிப்பொன்றை வெளியிட்டார்கள். பாதுகாப்பு விற்கிறவர்கள் கதையே இது.

அதனால் ஏற்பாடு இப்படி இருக்கட்டும். படிக்க, தேட, பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், அதில் ஒன்றோ இரண்டோ நீட்சி. வங்கி, ஆதார், அரசுத் தளங்களுக்கு எதுவும் சேர்க்காத குரோம். பட்டா, சிட்டா பார்க்கிற தளமும், வில்லங்கச் சான்று எடுக்கிற பதிவுத்துறைத் தளமும் புதிய சாளரத்தைத் திறந்து ஆவணத்தைத் தரும் வழக்கமுடையவை. தடுப்பான் அதை மறித்தால், பணம் கட்டியும் சான்று இறங்கவில்லை என்று இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டிவரும். குரோமில் அந்தத் தொல்லை இல்லை.

தட்கல் நீட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் முடிந்து சென்னைக்குத் திரும்ப கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலும் அனந்தபுரியிலும் இடம் பிடிப்பது நம் ஊரில் தனிக் கலை. தட்கல் முன்பதிவு திறப்பது குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. அந்தச் சில நொடிகளுக்காக, படிவத்தைத் தானாக நிரப்பும் நீட்சி என்று பலதும் உலவுகின்றன. அவற்றுக்கு நீங்கள் தருவது என்ன? ஐ.ஆர்.சி.டி.சி. பயனர்பெயர், கடவுச்சொல், குடும்பத்தார் பெயர், வயது, சிலவற்றுக்குப் பணம் கட்டும் விவரமும். தானியங்கி நிரல்களைக் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுகிறார்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல். முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் அனுமதி இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கிலேயே பயணிகள் பட்டியலை முந்தின நாளே சேமித்து வைக்கும் மாஸ்டர் லிஸ்ட் வசதி இருக்கிறது. நிரப்பும் நேரம் அதிலேயே மிச்சமாகும். யாருக்கும் கடவுச்சொல் தர வேண்டாம்.

ஐபோன்காரர்களுக்கு

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் தம்பி கொண்டுவருவது பெரும்பாலும் ஐபோன். அதில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எந்திரம்தான். ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகள் அங்கே சேராது. சஃபாரியைப் பிடித்துக்கொள்வதே வழி. 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் அது நீட்சி ஏற்கிறது. ஆப் ஸ்டோரில் யூபிளாக் ஒரிஜின் லைட் 2025-இல் வந்துவிட்டது; ஆட்கார்டும் நல்லதுதான். இறக்கிய பிறகு அமைப்புகளில் சஃபாரியின் நீட்சிகள் பகுதிக்குப் போய் இயக்க வேண்டும். இறக்கியதோடு நின்றுவிட்டால் ஒன்றும் நடக்காது. ஓரியன் என்ற உலாவி குரோம், ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகளை ஐபோனில் ஓட்டிக் காட்டுகிறது. ஆனால் பலதும் பாதியில் மக்கர் செய்யும். சோதித்துப் பார்க்க விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

வீட்டுப் பெரியவர்கள் போனில் நீட்சி வேலை எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டானாலும் ஐபோனானாலும் பிரேவ் போட்டு, முகப்பில் அது காட்டும் செய்தி, வெகுமதிப் பகுதிகளை அணைத்து, எழுத்தளவைக் கூட்டி, அதையே இயல்பு உலாவியாக வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். போன் நினைவகத்தில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் சேர்த்து வையுங்கள். பணம் போனது தெரிந்த உடனே அதற்கு அழைத்தால்தான் பரிமாற்றத்தை நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு உண்டு. மகன் சாயங்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.